கேழ்வரகில் கலந்த கடுகு

கலீமுல்லா சாயபுவிடம் யாரையாவது காட்டி, இவர் ரொம்ப நல்ல மனுஷர் என்று சொன்னால், "இன்னும் யாரும் சோதிச்சுப் பாக்கலே, அவ்வளவுதான்" என்பார். முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். அப்பளக் கட்டுக்கு நடுவில் தங்கக் கம்பியைக் கண்டுபிடித்தவர். ஆளுக்குத்தான் ஓய்வு கொடுத்தார்களே தவிர, அந்தக் கண்ணுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. பால்காரன் செம்பில் விரலை விட்டுப் பார்ப்பார். கல்யாண வீட்டில் தட்டில் விழுந்த பிரியாணியைக் கிளறி, கறி அடியில் இருக்கிறதா, அல்லது இல்லவே இல்லையா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வாயில் வைப்பார்.

அவர் கையில் எப்போதும் ஒரு குத்தூசி இருக்கும். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே குத்தி ஒரு பிடி தானியத்தை வெளியே எடுக்கிற இரும்புக் குழல் அது. வேலையை விட்டபோது அதை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார். மற்றவர்கள் கைத்தடி வைத்துக்கொள்வதுபோல் அதை வைத்துக்கொண்டு மயிலாப்பூரில் நடப்பார்.

நான் ரகுபதி. கச்சேரி ரோட்டு ரேஷன் கடையில் படி பிடித்து அளந்தவன். சாயபுவைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர் கேழ்வரகில் கடுகைக் கலந்தது என் கையால்தான்.

நாற்பத்துமூன்றாம் வருஷத்து ஐப்பசி வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகள் அப்படியே போய்விட்டன. வீடில்லாதவர்களுக்கு உணவு கொடுக்க ஒரு கமிட்டி வைத்தார்கள். பணம் சர்க்காருடையது, யோசனை கமிட்டியுடையது. தியாகராய நகரில் பங்களா கட்டியிருந்த ரிடையரான தாசில்தார் சிதம்பரநாதன் அதற்குத் தலைவர். குடும்பத்துக்கு ஒரு ரோஸ் நிறச் சீட்டு. சனிக்கிழமை எங்கள் கடையில் நீட்டினால் கேழ்வரகு, கைக்குத்தல் அரிசி, பயறு, வேர்க்கடலை, எல்லாம் இலவசம். சர்க்கரை கிடையாது, தேயிலைத் தூள் கிடையாது, மைதா கிடையாது, தீட்டின வெள்ளை அரிசியும் கிடையாது. உடல்நலத்துக்குக் கேடானவை என்று சீட்டின் பின்புறம் அச்சடித்திருந்தது. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் ரேஷன் கார்டில் சர்க்கரை உண்டு. அவர்கள் உடம்பை அது ஒன்றும் செய்யாது போலிருக்கிறது.

ரோஸ் சீட்டு வாங்கினால் பழைய கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் சீட்டை ரத்து செய்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. புதுக் கார்டு வர மூன்று மாசமோ நாலு மாசமோ ஆகும்.

கொடுத்ததை அவர்களே சாப்பிடுகிறார்களா, விற்றுவிட்டுச் சர்க்கரையும் டீத்தூளும் வாங்குகிறார்களா என்று பார்க்க கமிட்டிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கலீமுல்லா சாயபு கிடைத்தார். பாலுக்குப் பூனை காவல் என்பார்கள், இது அப்படியல்ல. எலி வளைக்குப் பூனையையே காவல் வைத்தார்கள்.

குடிசைக்குள் நுழைந்தால் நேரே அடுப்புக்குப் போவார். சட்டி மூடியைத் திறப்பார். மோந்து பார்ப்பார். மடித்து வைத்த பாயைக்கூட உதறிப் பார்ப்பார். வேலம்மா என்று ஒருத்தி, உறியில் ஒரு உருண்டை வெல்லம் வைத்திருந்தாள். கூலி வேலைக்குப் போன இடத்தில் கொடுத்தார்கள் என்றாள். எந்த இடம், யார் கொடுத்தார், பேர் சொல் என்றார். அவளுக்குப் பேர் தெரியவில்லை. சீட்டு ரத்தாயிற்று. அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வேளச்சேரிப் பக்கம் ஏரி வேலைக்குப் போனாள் என்று கேள்வி. பிறகு கடைப்பக்கம் அவளைக் காணவில்லை. எனக்கு அன்றைக்கு மனசு சரியில்லை. ஆனால் நான் என்ன செய்ய, படி பிடிக்கிறவன்.

ஒரு வெல்ல உருண்டையோடு சாயபுவுக்குத் திருப்தி வரவில்லை. கேழ்வரகு வெளியே போகிறது என்று அவருக்கு நிச்சயம். போகிற வழிதான் தெரியவில்லை. மாசி மாசத்தில் ஒரு நாள் கடைக்கு வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"ரகுபதி, ரோஸ் சீட்டு மூட்டையிலே கொஞ்சம் வெந்தயம் கலந்து வை. பஜார்லே எங்கே வெந்தயத்தோட கேழ்வரகு கெடைச்சாலும் அது நம்ம சரக்கு. பிடிச்சுடலாம்."

கலந்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. ஏனென்றால், பெண்கள் கேழ்வரகைச் சலித்து, வெந்தயத்தைத் தனியாக எடுத்து மீன் குழம்பில் போட்டுவிட்டார்கள். மறு சனிக்கிழமை வரிசையில் நின்ற ஒருத்தி, "இந்த வாரம் வெந்தியம் கம்மியா கீதே நைனா" என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டாள். சாயபு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காது சிவந்துவிட்டது.

பங்குனியில் கடுகுக்கு மாறினார். அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும், மூளைக்காரர்தான். கடுகும் கேழ்வரகும் ஏறக்குறைய ஒரே பருமன். சல்லடைக்கும் தெரியாது, முறத்துக்கும் தெரியாது. சேர்ந்தே அரைபட்டு மாவாகிவிடும். கொஞ்சம் காரம், கொஞ்சம் கசப்பு, அவ்வளவுதான். இந்த ரகசியம் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். கமிட்டித் தலைவருக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் தன் பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை. அங்கேதான் கோளாறு ஆரம்பமாயிற்று.

சாயபுவுக்குச் சர்க்கரை வியாதி. அரிசியைக் குறை, இனிப்பைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வீட்டம்மா சகினா பீ அதைக் கமிட்டித் தீர்மானத்தைவிடக் கண்டிப்பாக நடத்தினாள். வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஊரார் சட்டியைத் திறக்கிற மனிதருக்கு, சொந்தச் சட்டியில் என்ன வேகிறது என்று கேட்க அனுமதி இல்லை. இரவுக்கு ரொட்டி வரும், சாப்பிடுவார். கறுப்பாயிருக்கிறதே என்று முன்பு ஒரு தரம் கேட்டதற்கு, "மருந்துன்னு நெனச்சுத் துன்னுங்க" என்றாளாம்.

கடுகு கலந்த இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, நான் கடையைத் திறப்பதற்கு முன்னாலேயே சாயபு வாசலில் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தார். உள்ளே கால் ரொட்டி.

"மோந்து பாரு."

பார்த்தேன். "கேழ்வரகு ரொட்டி, சாயபு."

"அப்பறம்?"

இன்னொரு தரம் மோந்தேன். "கடுகு."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துறைமுகத்தில் எத்தனை பேர் அந்தப் பார்வையின் கீழ் நின்றிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இது இந்தக் கடைக் கேழ்வரகு. பஜார் கேழ்வரகிலே கடுகு இருக்காது. கடுகு சேதி உனக்கும் எனக்கும்தான் தெரியும். என் வீட்டுக்கு யார் வித்தா?"

"சத்தியமா நான் இல்லே, சாயபு."

"சத்தியம் எல்லாரும்தான் பண்றான்."

கடை முழுக்கச் சோதித்தார். மூட்டைகளை எண்ணினார், ஒவ்வொன்றிலும் குத்தூசியைச் செருகினார். என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து புளிச்சோற்றுக்குள் விரலை விட்டார். அதுவரை எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை இருந்தது. அன்றைக்குக் கோபம் வந்தது. பத்து வருஷம் பழகிய மனிதன் என் சோற்றில் விரல் விடுகிறான்.

வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்களாம். சனிக்கிழமை மத்தியானம், "சாட்சிக்கு நீ வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய், மசூதிக்குப் பின்சந்தில் தன் வீட்டுக்கு எதிர் விறகுக்கடையில், அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சொந்த வீட்டு வாசலை ஒளிந்திருந்து வேவு பார்த்த மனிதரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் பாஞ்சாலி வந்தாள். ஆற்றங்கரையில் மணல் சுமக்கிறவள், ரோஸ் சீட்டுக்காரி. சற்று முன்தான் என்னிடம் கேழ்வரகு வாங்கிப் போனாள். கூடையோடு சாயபு வீட்டுப் பக்கக் கதவுக்குப் போனாள். கதவு திறந்தது. சகினா பீயின் வளையல் கை கூடையை உள்ளே வாங்கியது, திருப்பிக் கொடுத்தது. இரண்டு பேரும் ஏதோ சிரித்தார்கள். பாஞ்சாலி இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு கிளம்பினாள்.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. அவள் சனிக்கிழமைதோறும் அந்தச் சந்துக்குள் திரும்புவதை நான் கடையிலிருந்தே பார்த்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டதில்லை. வேலம்மாவுக்குப் பிறகு எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது என்று இருந்துவிட்டேன்.

அவள் பின்னாலேயே அடையாறு பாலம் வரை நடந்தோம். நல்ல வெயில். குடிசைக்குள் அவள் நுழைந்ததும் சாயபுவும் நுழைந்தார். அடுப்பில் தண்ணீர் வைக்க உட்கார்ந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"இடுப்புலே இருக்கறதை எடு."

எடுத்தாள். காகிதப் பொட்டலம். உருதுப் பத்திரிகையில் கிழித்தது. அந்தப் பத்திரிகையை மயிலாப்பூரில் எத்தனை வீட்டில் வாங்குவார்கள்? சாயபு அதைப் பிரித்தார், உள்ளே சர்க்கரை. அவர் சர்க்கரையைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"பொங்கல்லேர்ந்து" என்றாள் பாஞ்சாலி. "பீபீம்மாவுக்கு கேவுரு வோணும், எனக்கு சக்கரை வோணும். மாத்திக்கினோம். இதுல இன்னா பாய் கீது?"

"உனக்குச் சர்க்கரை எதுக்கு? யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

யாருக்காவது உடம்பு சரியில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். நான்கூட மனசுக்குள் சொல்லு, சொல்லு என்றேன். அவள் சொல்லவில்லை.

"யாருக்கும் ஒண்ணுமில்லே. நாள் பூரா தலையில மண்ணு தூக்கிக்கினு கீறேன். பொழுது சாஞ்சா சக்கரை போட்டு ஒரு டம்ளர் டீ. எனக்குப் புடிச்சிகீது, குடிக்கிறேன். அதுக்கு சீக்கு வேற வரணுமா?"

சாயபு குத்தூசியைத் தரையில் ஊன்றி நின்றார். "மூட்டையிலே கடுகு கலந்துதான் பிடிச்சேன்" என்றார். பெருமையாகச் சொல்ல வேண்டிய பேச்சு, குரல் ஏறவில்லை.

"அதான் களி கசந்துதா" என்றாள் அவள். "நான் ஆத்துத் தண்ணி கெட்டுப்பூட்சின்னு நெனச்சிக்கினு கீறேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் நடந்ததை சகினா பீ பின்னால் எனக்குச் சொன்னாள். அவள் மறைக்கவே இல்லை. "ஒங்களுக்குக் கேழ்வரகு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு. நம்ம கார்டுலே குடுக்க மாட்டாங்க, பஜார்லே ஆனை விலை. அவளுக்குக் கேழ்வரகு மிஞ்சுது, நமக்குச் சர்க்கரை மிஞ்சுது. ரெண்டு பொம்பளைங்க மாத்திக்கிட்டோம். இதைக் கண்டுபிடிக்க விறகுக்குப் பின்னாலே ஒளியணுமா?" என்றாளாம். அவர் அன்றைக்கு ரொட்டி சாப்பிடவில்லை. தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பது இதுதான்.

இனி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. மூடி மறைப்பார் என்றுதான் சந்தேகப்பட்டேன். அவரோடு பழகிப் பழகி எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது. பாஞ்சாலிக்காகவாவது மறைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் கலீமுல்லா சாயபு யாருக்காகவும் எதையும் மறைத்தவர் அல்ல. அதுதான் அவருடைய நல்ல குணம், அதுதான் அவருடைய கெட்ட குணமும்.

புதன்கிழமை தலைவர் வீட்டில் கமிட்டி கூடியது. நான் சாட்சி. சாயபு எழுந்து வாசித்தார். கேழ்வரகைக் கொடுத்தவர் பாஞ்சாலி, ஆற்றங்கரை. வாங்கியவர் கலீமுல்லா, கச்சேரி ரோடு. கொடுத்தவர் சீட்டையும் வாங்கியவர் கார்டையும் ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

 தலைவர் சிதம்பரநாதன் எழுந்துவந்து சாயபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா! தன் பேரைத் தானே எழுதுகிறவரை நான் சர்வீஸில்கூடப் பார்த்ததில்லை. உங்கள் கார்டை ரத்து செய்யும்படி சிவில் சப்ளைக்கு எழுத நான் என்ன பைத்தியக்காரனா?"

"சட்டம் எனக்கும் ஒண்ணுதானே, ஸார்."

"நீங்கள் தெரியாமல் சாப்பிட்டீர்கள்."

"என் பீவி தெரிஞ்சுதான் வாங்கினா."

"அது வைத்தியத்துக்காக. அந்தப் பெண்பிள்ளை டீ குடிக்க அல்லவா விற்றிருக்கிறாள்? அவள் ஆரோக்கியத்துக்காக நாம் கொடுத்ததை."

சாயபு கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குச் சட்டம் தெரியும், சோதனை தெரியும். பரிந்து பேசத் தெரியாது, அதற்குப் பழக்கமே இல்லை. காப்பி வந்தது. பாஞ்சாலியின் சீட்டில் தலைவர் குறுக்கே ஒரு கோடு போட்டார். சாயபு கார்டு சாயபுவிடமே இருந்தது. கூடவே அவருடைய நேர்மையைப் பாராட்டி ஒரு தீர்மானம்.

அந்தச் சனிக்கிழமை வரிசையில் பாஞ்சாலி நின்றாள். சீட்டு செல்லாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அளக்க வேண்டிய கேழ்வரகு மூட்டையிலேயே நின்றது. கடுகோடு.

மத்தியானம் சாயபு வந்தார், கையில் குத்தூசி இல்லை. தன் கார்டை நீட்டினார்.

"சர்க்கரை மட்டும் போடு. முழுக்கப் போடு."

போட்டேன். என்றைக்கும் தராசு முள்ளையே முறைக்கிற மனிதர், அன்று முள்ளைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்ததும், "நீயும் வா" என்றார். சாட்சிக்கா என்று நான் கேட்கவில்லை.

பாஞ்சாலி குடிசை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆற்றோரம் தானாக முளைக்கிற கீரை. உள்ளே அடுப்பு எரியவில்லை. சாயபு மூடியைத் திறக்க உள்ளே போகவில்லை, வெளியிலேயே நின்றார்.

"எங்க கார்டு அரிசியிலேயும் பீபீ பங்கு அனுப்புவா. உனக்குப் புதுக் கார்டு வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன். இப்போ இதை வெச்சுக்க."

அவள் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். வெள்ளை வெளேரென்று சர்க்கரை. அதைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"இதுல இன்னா கலந்துகீறே பாய்?"

"ஒண்ணும் கலக்கலே."

"கடுகுன்னா கசப்பு தெரிஞ்சுது. இதுல இன்னா?"

"அல்லா மேலே ஆணை. வெறும் சர்க்கரை."

"ஆணை எல்லாரும்தான் வெக்கிறான்."

சாயபு குனிந்து பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் முகம் மாறவில்லை. இன்னொரு சிட்டிகை. பிறகு கை நிறைய அள்ளி, எத்தனையோ வருஷமாக இனிப்பைத் தொடாத மனிதர், அவள் எதிரில் நின்று மென்றார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கையைப் பிடித்தேன், உதறிவிட்டார்.

"பாரு. ஒண்ணுமில்லே பாரு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நைனா, அளந்தது நீதானே. நீ சொல்லு."

"ஒண்ணும் கலக்கலேம்மா. சுத்தமான சர்க்கரை" என்றேன்.

ரொட்டியை மோந்து பார்க்கச் சொன்ன அன்று சாயபு என்னைப் பார்த்தாரே, அவள் கண்ணிலும் அதே பார்வை.

"அன்னிக்கும் நீதானே அளந்தே" என்றாள்.

பொட்டலத்தை முன்போலவே மடித்து சாயபு கையில் வைத்தாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படலைச் சாத்தினாள். சாயபு உதட்டில் சர்க்கரை ஒட்டியிருந்தது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.